இல்லை என்னும் அறிவு

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பது எதனால் அறியப்படுகிறது என்னும் கேள்வி, இந்தியத் தருக்க நூல்களில் பல நூற்றாண்டுகளாக ஓயாத வழக்காக நடந்துவந்துள்ளது. உள்ளதைக் கண் காட்டும். இல்லாததைக் காட்டுவது எது என்பதே அவ்வழக்கின் முடிச்சு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சை ஆசிரியர் குமாரிலபட்டர், இன்மையை அறிவதற்குத் தனி அளவை, அதாவது அறிவு பிறக்கும் தனி வாயில், வேண்டும் என வாதிட்டு, அதனை ஆறாம் அளவையாக வைத்தார். மீமாம்சையின் மற்றொரு கிளைக்கு முதல்வரான பிரபாகரரோ, வெறுந்தரையைக் காண்பதற்கு மேல் குடத்தின் இன்மை என்று அறிய வேண்டிய தனிப் பொருள் ஏதுமில்லை என மறுத்தார். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையும் அளவைகளை எண்ணுமிடத்தில் அபாவத்துக்கு, அதாவது இன்மைக்கு, இடம் தந்துள்ளது.

லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி கார்டு ரீடரைச் செருகி, அதனுள் மெமரி கார்டு இருந்தும், கோப்பு மேலாளரில் ஒன்றும் தோன்றாதபோது, பழுது தேடுபவர் முன் இதே கேள்வி வந்து நிற்கிறது. கோப்பு மேலாளர் கடைசி வாயில். அதற்கும் கார்டுக்கும் இடையில் போர்ட்டின் மின்சாரம், ரீடரின் சிப், ரீடரை ஒரு வட்டாகப் பாவித்துப் பேசும் கெர்னல் என்னும் இயங்குதள மையம், கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை எனப் பல படிகள் உள்ளன. அது காட்டவில்லை என்பதற்காகவே ரீடர் கெட்டது என முடிவுகட்டுவது, விளக்கேற்றாத அறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இத்தகைய அவசர முடிவைத் தடுக்கவே நூலாசிரியர்கள் யோக்யானுபலப்தி என்னும் நிபந்தனையை விதித்தனர். ‘இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும்’ என்ற நிலை அமைந்த பின்னரே தென்படாமை சான்றாகும் என்பது அதன் பொருள். இன்மைக்குத் தனி அளவை வேண்டாம், அது அனுமானத்தில் அடங்கும் என்ற பௌத்தர் தருமகீர்த்தியும் இந்த நிபந்தனையைக் கைவிடவில்லை. இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியாத பிசாசைக் காணவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று நிறுவ முடியாது என்பது அவர் மரபில் வழங்கும் எடுத்துக்காட்டு.

‘இருந்திருந்தால் தென்பட்டிருக்கும்’ என்ற அந்த நிலையை அமைத்துத் தருவதே லினக்ஸ் கட்டளைகளின் பணி. யூஎஸ்பியில் இணைந்தவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் ரீடரின் பெயர் வராவிட்டால், அது கோப்பு மேலாளரின் மௌனத்தைவிடக் கனமான சான்று. ஏனெனில் ஒழுங்காக இயங்கும் எந்தக் கருவியும் செருகியவுடன் தன் தயாரிப்பு எண்ணைச் சொல்லியாக வேண்டும். ஆயினும் அதுவும் முடிந்த முடிவாகாது. கெர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் -71 அல்லது -110 என்ற பிழை எண் வந்திருந்தால், முந்தையது உரையாடல் நெறி பிசகியதையும் பிந்தையது மறுமொழிக்குக் காத்திருந்து நேரம் கடந்ததையும் குறிப்பதால், ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் அதனால் பேச முடியவில்லை என்றாகிறது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டிய இடம் இது.

எல்லாவற்றிலும் நுட்பமானது அடுத்த நிலை. ரீடர் பட்டியலில் இருக்கும். வட்டுகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையிலும் எஸ்டிபி போன்ற ஒரு பெயரோடு நிற்கும். கொள்ளளவு மட்டும் 0 என்றிருக்கும். ரீடர் இங்கே மௌனம் சாதிக்கவில்லை. ‘உள்ளே ஊடகம் இல்லை’ என்று வாய்திறந்து அறிவிக்கிறது. ஸ்கஸி என்னும் வட்டு உரையாடல் நெறியில் அதற்கெனவே 3ஏ என்ற குறி ஒதுக்கப்பட்டுள்ளது. இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது தனிப் பொருள்வகையாக, எண்ணிய வைசேடிகர் இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பர். ஆனால் ரீடருக்கு அந்த அறிவு எப்படி வந்தது? பல ரீடர்களில் கார்டு நுழையும்போது அழுந்தும் மெல்லிய உலோக இதழ் ஒன்றே அதற்குக் கண். அந்த இதழ் வளைந்துவிட்டாலோ அழுக்கேறிவிட்டாலோ, கார்டு உள்ளே இருக்கும்போதே ரீடர் இல்லை என்று சாதிக்கும்.

இதழ் வளைந்திருக்கலாம் என்பதோ கண்ணுக்குப் புலப்படாததைப் பற்றிய ஊகம். அதை மறுக்க முடியாமை மட்டுமே அதற்குச் சான்றாகிவிடாது; இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. நியாய ஆசிரியர் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில், கடவுள் காட்சிக்குரியவர் அல்லர் ஆதலால் காணாமை கொண்டு அவரை மறுக்க இயலாது என வாதிட்டார். அவ்வளவோடு நின்றிருந்தால் அந்த வாதம் பிசாசுக்கும் பொருந்தும். மறுக்க முடியாமை நிறுவுதல் ஆகாது என்பதை உணர்ந்தே அவர் ஐந்தாம் பகுதியில் உலகம் செய்யப்பட்ட பொருள் என்பது முதலான அனுமானங்களைத் தனியே அடுக்கினார். அவை கடவுளை நிறுவப் போதுமா என்பது வேறு வழக்கு. அந்த வரிசைமுறை சரியானது.

இதழைப் பற்றிய ஊகத்துக்கும் அத்தகைய அனுமானம் தேவை. அதே ரீடரில் நன்றாக இயங்கும் வேறொரு கார்டை இட்டும், அதே கார்டை வேறொரு ரீடரில் இட்டும் பார்த்து, முன்னதில் கொள்ளளவு 0 என்றே நின்று, பின்னதில் கார்டு திறந்தால், ரீடரைப் பிரித்துப் பார்க்காமலே பழுது அதில்தான் என்று கொள்ளலாம். பின்னதிலும் கார்டு திறக்காவிட்டால், கார்டையும் சேர்த்தே ஐயுற வேண்டும்.