மட்டசனமும் சுறுசுறுப்பும்

பழைய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்த தலைமுறையினர் இவ்விரு சொற்களையும் மறந்திருக்க மாட்டார்கள். தலையான பாவங்கள் ஏழுக்கும் மாற்றாகச் சொல்லப்பட்ட புண்ணியங்களில், போசனப்பிரியத்திற்கு எதிரானது மட்டசனம். சோம்பலுக்கு எதிரானது சுறுசுறுப்பு. மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. அளவோடு உண்பதும் சோம்பியிராமையும் மருத்துவரின் அறிவுரையாக மாறுவதற்கு முன்பே, நம் இல்லங்களில் புண்ணியங்களாகக் கற்பிக்கப்பட்டன. அங்கே சோம்பல் எனப்பட்டது முதன்மையாக ஆன்மாவின் சோம்பலே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெல்லும் கரும்பும் விளையும் வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களில் நம் பாட்டன்மாருக்கு உடற்பயிற்சி எனத் தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நடவும் களையெடுப்பும் வரப்பு நடையுமே போதுமாயிருந்தன. கம்பங்கூழும் கேப்பைக்களியும் விருப்பத்தால் உண்டவை அல்ல, இருந்தது அதுதான். அவர்களின் பேரனோ பேருந்தில் பள்ளிக்குச் செல்கிறான். மாலையில் தனிவகுப்பு, பின்பு பரோட்டா, இரவில் கைப்பேசி. பதினைந்து வயதில் ஒருநாள் கண்ணாடி முன் நின்று, நாளை முதல் ஓடுவேன், உணவைக் குறைப்பேன் என்று முடிவெடுக்கிறான். நல்ல முடிவே. ஆனால் அது யாருடைய கண்களுக்காக?

உடல் தூய ஆவியின் ஆலயம் என்ற பவுலடியாரின் போதனையை இங்கே பலரும் எடுத்துக்காட்டுவர். கொரிந்தியருக்கு அவர் அதை எழுதிய இடத்தில் தொடர்ந்து சொல்வது, நாம் நமக்கு உரியவர்கள் அல்லர் என்பது. ஆலயத்தைத் தூய்மையாக வைத்திருப்பது அதனுள் வாழ்பவருக்காக. வெளியே நிற்போர் வியப்பதற்காக அன்று. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உடல்நலத்தை இறைவனின் அரிய கொடையாகப் போற்றும் அதே பகுதியில், உடலையே வழிபடும் போக்கைக் கண்டிக்கிறது.

மறுபுறத்தில் இன்னொரு பிழையும் உண்டு. சில பிள்ளைகள் எடை குறைப்பதற்காகக் காலை உணவை விடுகின்றனர். தவக்காலம் வந்தால் அதற்கு ஒருசந்தி என்று பெயரும் கிடைத்துவிடுகிறது. பசி ஒன்றுதான், செயல் ஒன்றல்ல. ஒருசந்தி இறைவனையும் ஏழையையும் நோக்குகிறது. மற்றதோ எடைக்கருவியை நோக்குகிறது. இதில் திருச்சபை காட்டும் தாய்மையைக் கவனியுங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி சுத்தபோசனக் கடமை 14 வயது நிறைவில் தொடங்குகிறது. ஒருசந்திக் கடமையோ 18 வயதில்தான். வளரும் உடலிடம் திருச்சபையே கேட்காத பட்டினியை, திரைப்பட நாயகனின் தோற்றம் கேட்கிறது. தம் உடலைக் கழுதைச் சகோதரன் என்றழைத்து வருத்திய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இறுதி நாள்களில் அதனிடம் தாம் தவறிழைத்ததாக ஒப்புக்கொண்டார் என அவர் வரலாறு கூறுகிறது. புனிதர்களுக்கே அந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

போசனப்பிரியம் மிகுதியாக உண்பது மட்டுமன்று என்பார் புனித தோமா அக்குவினார். பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி அவர் காட்டும் ஐந்து வகைகளுள், உணவின் பக்குவத்தில் அளவுமீறி நுணுக்கம் பார்ப்பதும் ஒன்று. தாய் வைத்த குழம்பை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு கவளத்தையும் எடை போடுகிறவன் தன்னை மட்டசனம் உள்ளவனாக எண்ணிக்கொள்ளலாம். அக்குவினார் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடங்குகிறவனுக்கு வேண்டியவை எளியவை. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுக்கு ஓரளவு கடுமையான அசைவு தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஓட்டமும் தண்டாலும் கபடியும் அதற்குப் போதும். உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் அறிவுறுத்தியது. பாசிப்பயறும் உளுந்தும் நிலக்கடலையும் முட்டையும் நம் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன.

பெற்ற வலிமையை என்ன செய்வது என்பதே இதற்குப் பின் எழும் கேள்வி. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜோர்ஜோ ஃப்ரசாத்தி மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்டவர். தூரின் நகர ஏழைகளின் வீடுகளுக்குப் படியேறிச் சென்றவையும் அதே கால்கள்தாம். 1925இல், 24 வயதில், இளம்பிள்ளைவாத நோயால் அவர் இறந்தார்.

இதுவரை பையனைப் பற்றியே பேசினோம், அவன் தங்கை? விடியலில் தெருவில் ஓட அவளால் முடியுமா? 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கே. வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது யார் தட்டுக்குப் போகிறது என்பதை இந்த எண்கள் ஓரளவு சொல்லிவிடுகின்றன. அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசலாம். கூடவே, பங்கு மைதானத்தை மாலையில் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்க முடியுமா என்றும் பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.