வயதுக்கு மிஞ்சி வளரும் பிள்ளை



பிறவிக்குருடனைப் பற்றிய சுவிசேஷத்தை இந்த ஞாயிறு பூசையில் கேட்டீர்கள். அவனைக் கண்டதும் சீஷர்களுக்கு அறிய வேண்டியிருந்தது ஒன்றே: குற்றவாளி யார்? அவனா, அவனைப் பெற்றவர்களா? நமதாண்டவரோ இருவர் பேரிலும் பழியைப் போடாமல், மண்ணைக் குழைத்து அவன் கண்களில் பூசினார். நம் முதுநகர் வீடுகளில் அந்தக் கேள்வி இன்றைக்கும் ஓயவில்லை. பழி மட்டும் பெரும்பாலும் பெற்றவள் தலையில் விடிகிறது.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஞானோபதேச வகுப்புக்கு ஒரு பையன் தன் அக்காளோடு வந்தான். உயரத்தைப் பார்த்துப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். அருள் நிறை மந்திரம் பாதியில் நின்றுவிட்டது. நடையில் தடுமாற்றம், பேச்சில் குழறல். "இவ்வளவு வளர்ந்தும் இது தெரியாதா?" என்று எல்லார் முன்னிலும் அதட்டி, முழங்காலில் நிறுத்தினேன். மறுநாள் காலை அவன் தாய் என் வீட்டு வாசலில் நின்றாள். "சாமி, அவனுக்கு இன்னும் ஆறு வயசு முடியலீங்க. உடம்புதான் சாமி பெருசு" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

அவனுக்கு இருந்தது சோட்டோஸ் என்னும் பிறவிக் கோளாறு என்று பிற்பாடு வைத்தியர்கள் கண்டார்கள். 1964-ல் பாஸ்டன் நகரில் குவான் சோட்டோஸ் என்னும் வைத்தியரும் அவருடைய தோழர்களும் ஐந்து பிள்ளைகளைப் பார்த்து இதை விவரித்தார்கள். சுமார் 14,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். தலை பெரிது, முகம் நீளம், எலும்பு வயதை முந்தி முற்றும். ஆனால் நடையும் பேச்சும் பிந்தி வரும். காரணமான மரபணுவை 2002-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தப் பிள்ளைகள் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வரவே இல்லை. கரு உண்டாகும் வேளையில் புதிதாய் நேர்ந்த மாற்றம். கர்ப்பத்தில் தாய் தின்றது, நடந்தது, கிரகணம் பார்த்தது எதுவும் காரணமல்ல. இந்தக் கோளாறு உள்ளவர் பெறும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது.

"எங்க வம்சத்துல இப்படி யாருமில்ல, உன் வழியிலதான் வந்தது" என்று அந்தத் தாயை அவள் மாமியார் குத்திக் காட்டியது ஆறு வருஷம். அக்காள் மகளைக் கட்டியதுதான் வினை என்றார்கள் வேறு சிலர். நெருங்கிய உறவில் மணம் முடிக்கத் திருச்சபை விலக்குக் கேட்கச் சொல்வதை நான் இலேசாக எண்ணவில்லை. பெர்ல்மன் என்னும் மிக அரிய மிகைவளர்ச்சிக் கோளாறு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் உண்டாகும். அங்கே உறவுக் கல்யாணம் கெடுதல் செய்யும். சோட்டோஸுக்கு அந்தப் பழி பொருந்தாது.

இன்னொன்றை நான் அவசியம் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் உயிரே அடங்கியிருக்கிறது. பெக்வித்-வீடமன் என்று ஒன்று. தகப்பன் வழி வந்த சில மரபணுக்கள் கருவை வளரத் தூண்டும், தாய் வழி வந்தவை சில போதும் என்று அடக்கும். அந்தத் தராசு சாய்ந்தால் பிள்ளை மிஞ்சி வளரும். நாக்கு வாயில் அடங்காது, தொப்புள் புடைத்திருக்கும், ஒரு கை அல்லது கால் மற்றதைவிடப் பருத்திருக்கும், காதுமடலில் கோடு விழுந்திருக்கும். பிறந்த சில நாட்களுக்குள் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். சிறு வயதில் சிறுநீரகத்திலும் ஈரலிலும் கட்டி வர இடமுண்டு. ஆதலால் ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வைத்தியர் வழக்கம். சிறுநீரகக் கட்டி ஆரம்பத்தில் அகப்பட்டால் பெரும்பாலும் குணமாகும். கொழுகொழுவென்று ஓடுகிற பிள்ளைக்கு ஸ்கேன் எதற்கு என்று நாம் கேட்போம். கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு வைத்துத் திருப்திப்படுவோம். பொட்டு வைப்பதில் எனக்கு வழக்கில்லை. ஸ்கேன் நாளைத் தவறவிடுவதில்தான் வழக்கு.

நாலு கிலோவுக்கு மேல் பிறந்த பிள்ளையெல்லாம் வியாதிப்பிள்ளை என்று யாரும் பயப்பட வேண்டாம். அவர்களில் மிகுதியானோர் சுகமானவர்களே. தாய்க்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும் அப்படிப் பிறப்பதுண்டு. மேலே சொன்ன அடையாளங்களும் கூட இருந்தால் தாமதியாமல் அரசு ஆஸ்பத்திரிப் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். புதுவை ஜிப்மர் நமக்குப் பக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அரிய நோய்களுக்கான 2021-ம் வருஷத்து மத்திய அரசுக் கொள்கையின் கீழ் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் சிறப்பு மையமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. போக வழி தெரியாதவர்களும், போகப் பணமில்லாதவர்களும் பூசைக்குப்பின் என்னை வந்து பாருங்கள்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை: உயரத்தைப் பார்க்காமல் பதிவேட்டில் பிறந்த தேதியைப் பாருங்கள். நான் பார்க்கத் தவறினேன்.

அந்தப் பையனுக்கு மந்திரங்கள் படிய மூன்று வருஷம் ஆயிற்று. புதுநன்மை வாங்கின அன்று தன் வயதுப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் முழந்தாளிட்டிருந்தான். அவன் தலை மட்டும் எல்லாருக்கும் மேலே தெரிந்தது. பின்வரிசையில் அவன் பாட்டி, மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.