தானே இயங்கும் செயலின் வினை யாருக்கு?

எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளில் மேக்ரோ எனப்படுவது, கையால் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய பணிகளை முன்கூட்டியே எழுதிவைத்து ஒருசேர நிகழ்த்தும் கட்டளைத் தொகுப்பாகும். கோப்பு திறந்த கணத்திலேயே அது தானாக இயங்குமாறு அமைக்க இயலும் என்பதால், திறந்தவர் எந்த எண்ணையும் தொடாதிருக்கையிலேயே அவர் பெயரில் கணக்குகள் மாறவும் தரவுகள் அழியவும் கூடும். அவ்வினை யாரைச் சேரும் என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வியோடு நெருங்கியது.

பௌத்தம் சேதனையை, அதாவது செயலுக்கு முன்னிற்கும் மன எண்ணத்தை, வினையின் உயிராகக் கொள்வதால், அதன்படி அறியாமல் திறந்தவரை விட்டு எழுதியவரிடமே வினை நிற்கும். சமணமோ, உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில், பிரமாதம் எனப்படும் கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்குக் கேடு விளைவதையே இம்சை என வரையறுக்கிறது. தீய எண்ணம் இல்லாமை மட்டும் அங்கே விடுதலை ஆகாது. புலால் உண்பவருக்குக் கொலையில் பங்கில்லை என்னும் பௌத்த வாதத்தை மறுக்கும் நீலகேசி, இந்த வேறுபாட்டைத் தமிழிலேயே காட்டும் சமண நூல்.

இக்கேள்விக்கு ஒரு சான்று: 1999இல் பரவிய மெலிசா என்னும் மேக்ரோ நச்சுநிரல், வேர்டு ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அனுப்பும் எண்ணம் திறந்தவரிடம் இருந்ததில்லை. ஆயினும் மடல் சென்றது அவர் பெயரில்தான்.

ஒரே கோப்பைப் பலர் பயன்படுத்தும் இடங்களில், பயனர் பெயரைப் பார்த்துச் சிலருக்கு மட்டும் மேக்ரோ இயங்குமாறு அதனுள்ளேயே நிபந்தனை எழுதுவது வழக்கம். ஆனால் எக்செலின் அமைப்புகளில் பதிந்துள்ள பெயரை எவரும் மாற்றிக்கொள்ளலாம். மேலும், அந்தச் சோதனையும் ஒரு மேக்ரோவே ஆதலின், அனுமதி பெற்ற பின்னரே அது பிறரின் அனுமதியைச் சோதிக்க முடியும். ஆகவே உண்மையான கட்டுப்பாடு கோப்புக்கு வெளியே, எழுதியவரை அடையாளம் காட்டும் மின்னணுக் கையொப்பத்திலும் நிறுவனம் வகுக்கும் கணினிக் கொள்கையிலும் அமைய வேண்டும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்க 2022இல் மைக்ரோசாஃப்ட் எடுத்த முடிவு இத்திசையில் சரியானது.

எனினும், எச்சரிக்கையைப் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்தும் பழக்கம் பிரமாதமே. அதைப் பழக்கியதில் தேவையின்றித் தானியக்கத்தைத் திணித்தவருக்கே பெரும்பங்கு உண்டு. நிரலைப் படிக்க இயலாத பயனரிடம் தீர்ப்பைச் சுமத்துவது அறமன்று. தரவை அழிக்கும் அல்லது வெளியே அனுப்பும் மேக்ரோவைத் தானாக இயங்கவிடாமல், செய்யப்போவதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் வைப்பதே எழுதுபவரின் கடமை.