பின் இருக்கையில் பெற்றோர்

பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாகப் போகிறது. பெரம்பலூர்க்காரர்களுக்கு பஸ்தான், பிள்ளைகள் தலையெடுத்த வீடுகளில் கார். சென்னையில் விடியுமுன் கிளம்பினால் திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். வண்டியை மகனோ மகளோ ஓட்ட, பின்னால் எழுபதைத் தொட்ட தாயோ தகப்பனோ உட்கார்ந்திருப்பார். பல குடும்பங்களுக்குப் போகுமிடம் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் அவர்களுக்குக் குலதெய்வம்.

அந்தக் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். விசேஷ நாட்கள் தனி. பிள்ளைக்கு லீவு சனி, ஞாயிறு. மாவிளக்குப் போட வேண்டும் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தாயிடம், “சனிக்கிழமையே போய்விட்டு வந்துவிடலாம், வாசலில் நின்று கும்பிட்டால் அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டாளா?” என்று கேட்கிறார்கள். தாய் சரி என்கிறாள். இந்தச் ‘சரி’யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? வளர்ந்த பிள்ளை பெற்றோரை ஓரிடத்துக்கு அழைத்துப் போகும்போது எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

பிள்ளையின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் அவன் காசு, லீவு அவன் லீவு. வழியில் தாய் மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதும் அவன்தான், “இந்த வயதில் ஏன் அழைத்துப் போனாய்?” என்று உறவுக்காரர்கள் கேட்கப்போவதும் அவனைத்தான். பொறுப்பைச் சுமப்பவனுக்குச் சொல்லும் உண்டு என்பது தவறான வாதம் அல்ல. ஆனால், சுமப்பவனுக்கு மட்டும்தான் சொல் உண்டு என்று அது எளிதில் நீண்டுவிடுகிறது. பெற்றோர் இருபது, முப்பது ஆண்டுகள் சுமந்தபோது பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டார்களா என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கணக்கு பொருந்தாது. அன்று பிள்ளைக்கு உலகம் தெரியாது. இன்று தாய்க்குக் கால் வலிக்கிறதே தவிர அறிவு குறையவில்லை.

‘சரி’ எந்த நிலையில் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைப் பயணத்தில் வயதான பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள்கூட, மாத்திரை தொண்டையில் இறங்க ஒரு வாய் குடித்துவிட்டு பாட்டிலை மூடிவிடுவார்கள். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கூச்சம். நிறுத்தினாலும் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். மகன் ஓட்டினால் இந்தக் கூச்சம் இரட்டிப்பு. “தண்ணீர் வேண்டுமா?” என்று அவன் கேட்பான், “தாகமில்லை” என்று பதில் வரும். கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி அவனுக்கு. தண்ணீருக்கே வாய் திறக்காதவள், கோயிலுக்குத் திங்கட்கிழமைதான் போக வேண்டும் என்று அடம் பிடிப்பாளா?

சிரவணன் கதையைச் சொல்பவர்கள் கண் தெரியாத பெற்றோரைக் காவடியில் சுமந்த அவனுடைய தோளைத்தான் புகழ்வார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொன்று பெரிதாகப் படுகிறது. தீர்த்த யாத்திரை அந்த முதியவர்களின் ஆசை. தாகம் எடுத்ததும் கூசாமல் தண்ணீர் கேட்கிறார்கள். மகனும் உடனே காவடியை இறக்கி வைத்துவிட்டுக் குடத்தோடு போகிறான். அவன் உயிர் அந்தத் தண்ணீருக்காகத்தான் போனது. கேட்கலாம் என்ற தைரியத்தைத் தன் பெற்றோருக்குக் கொடுத்தவன் அவன்.

சிறுவாச்சூரிலிருந்து கிழக்கே அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மகாமண்டபத்துக்கு உயரமான படிகள் ஏற வேண்டும். மத்தியானத்தில் வெறுங்காலைக் கல் சுட்டுவிடும். முழங்கால் தேய்ந்த தகப்பன் ஏறிப் பார்க்கிறேன் என்கிறார். மகள் வேண்டாம் என்கிறாள். வடக்குப் படி அருகே சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் புகழ்பெற்ற சிற்பம் இருக்கிறது. சண்டேசர், பசுவின் பாலை மணல் லிங்கத்துக்கு ஊற்றிய பையன், பால்குடத்தை உதைத்த தகப்பனின் காலையே வெட்டியவன். சிவன் அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். தகப்பனுக்கும் கதி கொடுத்தார் என்கிறது பெரிய புராணம். ராஜேந்திரனின் முடிசூட்டலையே அந்தச் சிற்பம் குறிக்கிறது என்று சொல்வோரும் உண்டு. அது எப்படியோ, அந்தப் படியில் நிற்கும் மகளுக்கு அந்தக் கதை கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்க வேண்டும். தான் செய்வது உயர்ந்த காரியம் என்று முழுதாக நம்பும் பிள்ளை, பெற்றவரின் காலைத் தடுப்பது இன்றும் நடக்கிறது. “உங்கள் நல்லதுக்குத்தானே சொல்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். சண்டேசருக்குத் தெய்வமே வந்து சாட்சி சொன்னது. நமக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

அப்படியானால் தகப்பனை ஏற விட்டுவிடுவதா? ஏற விட வேண்டும் என்பதே என் முடிவு. வெயில் தாழும் வரை காத்திருக்கச் சொல்லலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒளிக்காமல் சொல்லலாம். அதற்கு மேலும் அவர் ஏறுவேன் என்றால், அந்த ஆபத்தை ஏற்க வேண்டியவர் அவர். மகளின் பயம் மகளுடையது. அதைத் தணிப்பதற்காகத் தகப்பன் கீழேயே உட்கார்ந்திருக்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஆனால் நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு ஏறும் தகப்பனுக்கு இந்த வாதம் உதவாது. முடிவு தன்னுடையது என்பவர் தன் உடம்பைப் பற்றிய உண்மையைப் பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும். பெற்றோரும் எல்லை மீறலாம்: மூடிய காருக்குள் இறங்கிப் போக முடியாத மகளிடம் நாள் முழுதும் கல்யாணப் பேச்சை எடுப்பதும் வன்முறைதான்.

இன்னும் மோசமானது, கோயிலுக்கு என்று சொல்லி வேறிடத்துக்குக் கூட்டிப் போவது. மனம் குளிர்ந்திருக்கும் சமயம் பார்த்து, சாமி கும்பிட்ட கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் இறக்கி, தான செட்டில்மென்ட் பத்திரத்தில் கைரேகை வாங்கும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை பராமரிக்கத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று பராமரிப்பையும் அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஏமாற்றப்படாமல் காரில் ஏறும் உரிமையை எந்தச் சட்டத்தால் எழுதிக் கொடுக்க முடியும்?

நிலத்துக்காக ஏமாற்றுவது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல், அன்பினால் ஏமாற்றுவதில்தான். ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டாள் என்று, சமயபுரம் போகலாம் எனச் சொல்லித் திருச்சியில் டாக்டரிடம் நிறுத்துகிறார்கள். நோய் பிடிபடுகிறது, உயிர்கூடப் பிழைக்கிறது. இருந்தும் அடுத்த முறை உண்மையாகவே கோயிலுக்குக் கூப்பிடும்போது, அவள் காரில் ஏறுமுன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். தெளிந்த மனம் உள்ளவளிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், பிடித்த தங்கையை விட்டுப் பேசச் சொல்லலாம். பொய் சொல்லக் கூடாது.

மனத் தெளிவு போன பிறகு என்ன செய்வது என்பது எனக்கும் கடினமான கேள்வி. அரியலூர்ப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய நிலங்கள் இன்று ஆழமான பள்ளங்களாகக் கிடக்கின்றன. நிலத்தை விற்றுவிட்டு வந்த தகப்பன், மறதி நோயில், சோளக்காட்டைப் பார்க்கக் கூட்டிப் போ என்று தினமும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை கூட்டிப்போக வேண்டும், விற்றதையும் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அவர் அழுவார், மறுநாள் மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்பார். தினமும் உண்மையைச் சொன்னால் தினமும் ஒரு சாவு விழுந்த மாதிரி துக்கப்படுவார். அங்கே உண்மையைத் திணிப்பது அறமாகத் தோன்றவில்லை. காடு நன்றாக விளைந்திருக்கிறது என்று பிள்ளை கதை கட்டவும் தேவையில்லை. அந்த ரோட்டிலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப் போய், “அப்போ என்னப்பா போட்டிருந்தோம்?” என்று கேட்டால், விதைப்பு, களையெடுப்பு, மழை பொய்த்த வருஷம் என எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொண்டு வருவார்.