மீன்கொத்தியைக் கண்டு மகிழலாமா?

கொல்லாமை விரதத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, மனம், சொல், உடல் என்னும் மூன்றாலும், தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரோடு உடன்படுதல் என்னும் மூவகையிலும் உயிர்களுக்கு ஊறு செய்யலாகாது என்று ஒன்பது வழிகளையும் விரல்விட்டு எண்ணச் செய்வது வழக்கம். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் நம் குழந்தைகள் பலருக்கு நானும் இவ்வாறே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆயினும் ஒன்பதாவது விரலில் வந்து நிற்கும் 'உடலால் உடன்படுதல்' என்பதை ஒருபோதும் விரித்துரைத்ததில்லை. அனுமோதனை என்று பெயர் சொல்லி விட்டுவிடுவேன். ஒரு பொங்கல் நாளில் ஊசுட்டேரிக் கரையில் என் பேத்தி கேட்ட கேள்வி, அந்த விரலை என்னையே எண்ண வைத்துவிட்டது.

லாஸ்பேட்டையிலிருந்து மேற்கே சுமார் பத்து கிலோ மீட்டரில் உள்ளது ஊசுட்டேரி. ஏரியின் ஒரு பகுதி புதுவைக்கும் மறுபகுதி தமிழகத்துக்கும் உரியது. புதுவை அரசு 2008இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழகமும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. 2015 முதல் தமிழகத்திலும் புதுவையிலும் பறவை ஆர்வலர்கள் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து அனுப்ப வேண்டும். இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். என் பேத்தி குறிப்பேட்டுடனும் நான் பழைய பைனாகுலருடனும் சென்றோம். நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா, பாம்புத்தாரா என்று பட்டியல் வளர்ந்து வந்தது.

அப்போதுதான் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே வந்து நின்றது. 'நின்றது' என்று அறிந்தே எழுதுகிறேன். சிறகுகள் மட்டும் படபடக்க, உடல் காற்றில் ஆணி அடித்தாற்போல் அசையாமல், அலகு நேர்கீழாக நோக்க அந்தரத்தில் நிற்கும் பறவை அது. இருமுறை பாய்ந்து வெறும் அலகோடு எழுந்தது. மூன்றாம் முறை வெள்ளி போல் மின்னும் ஒரு மீனைக் கவ்வி, கரையோரக் கம்பத்தில் அமர்ந்து, அதனைக் கம்பத்தில் அடித்து விழுங்கிற்று. நான் கை தட்டிவிட்டேன். அமைதி காக்க வேண்டிய இடத்தில் கை தட்டியதே ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றத்தைப் பேத்தி சுட்டினாள்: "பாட்டி, மீன் செத்ததற்கா கை தட்டினீர்கள்?"

"இல்லையம்மா, பறவையின் திறமைக்கு" என்று உடனே விடை கூறினேன். ஆசிரியர்களுக்கு விடை உடனே வந்துவிடும். அது எங்கள் தொழிலின் நோய். வீடு திரும்பி இரவெல்லாம் எண்ணிப் பார்த்தபோது அவ்விடை நிற்கவில்லை. திறமைக்கே மகிழ்ந்தேன் எனில், அது அந்தரத்தில் நின்றபோதே மகிழ்ந்து அமைந்திருக்க வேண்டும். முதல் இருமுறை அது வெறும் அலகோடு எழுந்தபோது நான் "அடடா" என்று வருந்தினேனே! அவ்விருமுறையும் ஓர் உயிர் பிழைத்தது. பிழைத்ததற்கு வருந்தி, இறந்ததற்குக் கை தட்டினேன் என்பதே உண்மை.

இது மிகைப்பட்ட மனக்கலக்கம் என்று சிலர் எண்ணலாம். யசோதர காவியத்தை நினைவுகூர்க. அங்கே பலியிடப்பட்டது உயிருள்ள கோழியன்று. மாவினால் செய்த கோழி. எந்த உயிரும் சாகவில்லை. ஆயினும் வெட்டிய மகனும் வெட்டத் தூண்டிய தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவிகளில் உழன்றனர். கொல்லும் எண்ணமே கொலை என்னும் பாவ ஹிம்சையின் இலக்கணத்தை இதனினும் கடுமையாக உரைத்த கதை வேறில்லை.

சீவகசிந்தாமணியின் முத்தியிலம்பகமோ இன்னும் நுட்பமான ஓர் இடத்தைத் தொடுகிறது. சீவகன் முற்பிறப்பில் அசோதரன் என்னும் அரசிளங்குமரனாக இருந்தபோது, பொய்கையில் பறக்கவியலாத அன்னப் பார்ப்பு ஒன்றைப் பிடித்து வந்து வளர்த்தான். துன்புறுத்தும் எண்ணம் அவனுக்கு இல்லை. அழகு கண்டு கொண்ட ஆசைதான். தந்தை அறிந்து, அறம் உரைத்து, அதனை விடுவிக்கச் செய்தான். ஆனாலும் சுற்றத்தைப் பிரித்த அவ்வினையே, சீவகன் பிறந்தவுடன் தாயைப் பிரியக் காரணமாயிற்று. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் கிளிக்கூடு ஒன்று தொங்கியது. சிந்தாமணி வாசிக்கும் வீடுதான்! நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பது பின்னர் வந்த செய்தி. நமக்கோ சட்டத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருத்தக்கதேவர் சொல்லியிருந்தார்.

அப்படியானால் மீன்கொத்தியை வெறுக்க வேண்டுமா? அதுவும் பிழையே. ஓர் உயிர் பல உயிர்களைக் கொல்கிறது என்பதற்காக அதனைக் கொல்லலாம் என்னும் வாதத்தை, அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறுத்திருக்கிறார். மகாவீரரின் உயிர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்து, முனிவர் மொழி கேட்டு ஊனைத் துறந்தது என்று நம் புராணம் கூறுகிறது. நகமும் பல்லும் உடைய உடலுக்குள்ளும் நற்காட்சி பெறத்தக்க உயிர் உண்டு என்பதன்றோ இதன் பொருள்? சுவேதாம்பர மரபில் அனந்தநாதருக்கு இலாஞ்சனமே வல்லூறுதான்.

இவ்விடத்தில் நம் சமயத்தார் நாணத்தக்க செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். டில்லி செங்கோட்டைக்கு எதிரில் திகம்பர ஜைனக் கோயிலைச் சார்ந்த பறவை மருத்துவமனை நெடுங்காலமாகப் பெருந்தொண்டு செய்து வருகிறது, அதில் பெருமையே. ஆனால் ஊனுண்ணும் பறவைகளை அங்கே தங்கவைத்து மருத்துவம் செய்வதில்லை. வந்து செல்லும் நோயாளியாகவே பார்ப்பர். அதே நகரில் பட்டக் கயிற்றால் சிறகறுந்து விழும் பருந்துகளைத் தம் வீட்டு நிலவறையில் வைத்துப் பேணியவர்கள் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்னும் இரு முஸ்லிம் சகோதரர்கள். 2022இல் இவர்களைப் பற்றி வந்த ஆவணப்படம் உலகெங்கும் பேசப்பட்டது. பருந்துக்கு ஊன் ஊட்ட நம்மால் இயலாது என்பது உண்மை. அந்தத் தடையை நான் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் அச்சகோதரர்கள் செய்தது ஜீவதயை அன்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆக, வேட்டையில் மகிழ்ந்தால் ராகம். வேட்டைப் பறவையை வெறுத்தால் துவேஷம். இரண்டுக்கும் நடுவே பார்ப்பது எங்ஙனம்? பறவை பார்க்கவே போக வேண்டாம் என்பது ஒரு வழி. அதனை நான் ஏற்கவில்லை. நான் பாராவிடினும் மீன்கொத்தி பாயும். கண்ணை மூடிக்கொள்வது என் மனத்தை எனக்கு மறைக்குமேயன்றி மீனைக் காவாது. ஏரியில் பறவை பெருக வேண்டும் என்று விரும்புவோர் எல்லோரும் மீன் பெருக வேண்டும் என்றும், அதனைப் பறவை உண்ண வேண்டும் என்றும் சேர்த்தே விரும்புகிறோம். இல்லறத்தார் இதிலிருந்து முற்றும் தப்ப முடியாது. அணுவிரதம் என்று நமக்கு அளந்து கொடுத்ததும் அதனால்தானே.

தப்பக்கூடியவை வேறு உண்டு. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு மூலமாகக் கூறுவது பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை. ஏரிக்கரையில் அது நிரம்ப உண்டு. ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். நல்ல படம் வேண்டிப் பக்கத்தில் போனால் தாய் எழுந்து கத்திச் சுற்றும். அதற்குள் முட்டை வெயிலில் காயும், அல்லது காகம் கண்டுகொள்ளும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்போரும் உளர். அது தன் எல்லைக்குள் பகை வந்ததென்று அஞ்சி ஓடி வரும். அசோதரன் கையால் செய்ததை இவர்கள் கருவியால் செய்கிறார்கள். இவை உடன்படுதல்கூட அல்ல. முதல் வகையான 'தானே செய்தல்'.

இவற்றையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். "அப்படியானால் அடுத்த முறை மீனையும் பார்ப்போம் பாட்டி" என்றாள். மறு வாரம் மாலையில் போனோம். மீன்கொத்தி வரவில்லை. இரவுண்ணா நோன்புக்காகப் பொழுது சாயுமுன் திரும்ப எழுந்தபோது, நாணலிலிருந்து வக்காக்கள் ஒவ்வொன்றாக ஏரியை நோக்கிப் பறந்தன. "பறவைகள்கூட இரவில் உண்பதில்லை என்று சொல்வீர்களே?" என்று கேட்டாள். இரவில் இரை தேடுவதால்தான் அதற்கு இராக்கொக்கு என்றும் பெயர் என்று சொல்லி, என் பழைய பாடத்தைத் திருத்திக்கொண்டேன். அவள் குறிப்பேட்டில் 'வக்கா, 11' என்று எழுதினாள்.