புறக்கணித்தலின் அறம்

பௌதிகவியலைக் கற்கப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே விந்தையானதோர் உலகிற் பிரவேசிக்கின்றனர். அவ்வுலகிற் சாய்தளங்கள் யாவும் ஒப்பமானவை. கப்பிகளில் உராய்வு இல்லை. இழைகள் இலேசானவை, நீளாதவை. எறியப்பட்ட பந்தைக் காற்றுத் தடுப்பதில்லை. விசை, அலைவு, சத்தி என்பன பற்றிய தொடக்கநிலைக் கணக்குகளில் “வளித்தடையைப் புறக்கணிக்க” என்னும் தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. ஆயின் இத்தகைய தளமோ கப்பியோ இழையோ எங்கும் இருந்ததில்லை. உண்மையை நாடும் ஒரு துறை தன்பால் வருவோர்க்கு இல்லாத உலகொன்றை முதற்பாடமாகக் கற்பிப்பது பொய்ம்மையாகுமா என்னும் வினா அறவியலின்பாற்பட்டது. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

எளிய ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் நீளமுள்ள ஊசலின் அலைவுகாலம் 2.01 செக்கன் எனச் சூத்திரம் கூறும். வீச்சம் எவ்வளவாயினும் விடை மாறாது. ஆனால் இச்சூத்திரம், கோணம் சிறிதாயின் அதன் சைன் பெறுமானம் அக்கோணத்துக்கு ஏறத்தாழச் சமமாகும் என்ற எடுகோளின் மீது நிற்பது. ஊசல் 10 பாகை விலக்கப்படின் நேரும் வழு ஆயிரத்தில் இரண்டு பங்கேயாகும். 30 பாகையில் அது 1.7 சதவீதமாகவும் 60 பாகையில் 7 சதவீதத்துக்கு மேலாகவும் வளர்கின்றது. ஒரே சூத்திரம் ஓரிடத்து நம்பத்தக்கதாகவும் பிறிதோரிடத்துப் பிழையாகவும் உள்ளது. இரண்டையும் பிரிக்கும் எல்லை சூத்திரத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனைப் பயன்படுத்துவோரின் அறிவில் இருத்தல் வேண்டும்.

வரலாறும் இதற்குச் சான்று தருகின்றது. ஊசலின் வீச்சம் பெரிதாயினும் சிறிதாயினும் அலைவுகாலம் ஒன்றே எனக் கலிலியோ கருதினார். உட்குழிந்த பரப்பிற் குண்டுகளை உருட்டிப் பரிசோதித்த அவருடைய ஆதரவாளர் குயிதோபால்தோ தெல் மொந்தே அவ்வாறு காணவில்லை. பரப்பின் குறைபாடுகளே காரணமாகலாம் எனக் கலிலியோ 1602ஆம் ஆண்டில் அவருக்கு எழுதிய கடிதத்தில் விடையிறுத்தார். கண்டதைக் கண்டவாறே கூறிய வகையிற் குயிதோபால்தோவின் ஐயம் நேர்மையானது. எனினும் சிறு வேறுபாடுகளை ஒதுக்கி நோக்கும் கலிலியோவின் துணிவு இன்றேல் இயக்கவியல் தோன்றியிராது. ஹைகன்ஸ் 1673ஆம் ஆண்டில் வெளியிட்ட ஊசற்கடிகாரம் பற்றிய நூலில், வீச்சத்தைச் சாராத அலைவுகாலம் வட்டவில்லுக்கு உரியதன்று, சக்கரப்போலி என்னும் வளைகோட்டுக்கே உரியது என நிறுவினார். ஒருவர் ஒதுக்கியதை மற்றொருவர் எடுத்து அளந்தார். விஞ்ஞானத்தின் நேர்மை, ஒதுக்குதல், ஐயுறுதல், மீண்டும் அளத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்த தொடர்ச்சியிலேயே தங்கியுள்ளது எனலாம்.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணலாம் என்பது வள்ளுவர் கருத்து. ஒப்பமான தளத்தையும் இச்சலுகையின்கீழ் அடக்கிவிடலாமெனச் சிலர் வாதிக்கக்கூடும். அவ்வாதம் பொருந்துவதன்று. பொய்யென்பது கேட்போர் அறியாதவாறு உண்மையை மறைப்பது. “உராய்வைப் புறக்கணிக்க” என்பதோ மறைக்கப்படுவது எதுவென வெளிப்படையாகவே அறிவிப்பது. ஆதலின் அஃது ஓர் உடன்படிக்கையை ஒத்தது. புறக்கணிக்கப்படுவதன் பெயரைக் கூறுதல், அதன் பருமனை மதிப்பிடுதல், அது வளர்ந்தவிடத்து மீளவும் கணக்கிற் சேர்த்தல் என்னும் மூன்று கடப்பாடுகள் அவ்வுடன்படிக்கையில் அடங்கும். இவற்றுள் ஒன்று தவறினும் எடுகோள் பொய்யாக மாறத் தொடங்குகின்றது.

சத்தி பற்றிய கணக்குகள் இதனை மேலும் தெளிவாக்கும். 2 கிலோகிராம் திணிவுள்ள இரும்புக் கட்டியொன்று செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்துடன் கரடான தளத்தில் வழுக்கி நிற்கின்றது எனக் கொள்வோம். அதன் இயக்கசத்தி 9 யூல். “9 யூல் இழக்கப்பட்டது” என எழுதி மாணவர் அடுத்த வினாவுக்குச் செல்வர். உண்மையில் அஃது எங்கும் மறைந்துவிடவில்லை. வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள நிலையான விகிதத்தை 1840களில் யூல் செய்த பரிசோதனைகள் காட்டின. அந்த 9 யூலும் கட்டியையே சேர்ந்தாலும் அதன் வெப்பநிலை பாகையின் நூறிலொரு பங்களவே உயரும். தொட்டுப் பார்க்கும் கை அதனை உணராது. உணரப்படாதது இல்லாததாகிவிடாது என்பதே சத்திக்காப்பு விதி புகட்டும் பாடம்.

சிறியதென ஒதுக்கப்பட்டது பெரிதாகித் திரும்பிய நிகழ்ச்சியொன்று இங்கு கருதற்பாலது. இலண்டனில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே அமைக்கப்பட்ட மிலேனியம் நடைபாலம் 2000 யூன் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் தளத்தின்மீது பக்கவாட்டில் ஒரு சிறு விசையைப் பிரயோகிக்கின்றார். அவருடைய நிறையோடு ஒப்பிடின் அஃது அற்பமானது. பாலங்களுக்கான அக்கால வடிவமைப்பு விதிகளில் அது போதிய கவனம் பெறவில்லை. அன்று பெருங்கூட்டம் நடக்கப் பாலம் பக்கவாட்டில் அலைந்தது. அலையுந் தளத்தில் நிலைகுலையாதிருக்க மக்கள் தம் நடையை மாற்றினர். அம்மாற்றமே அலைவுக்கு மேலும் சத்தியூட்டியது. இரு நாட்களிற் பாலம் மூடப்பட்டது. தணிப்பான்கள் பொருத்தப்பட்ட பின்னர் 2002ஆம் ஆண்டிலேயே மீளத் திறக்கப்பட்டது. பொறியியலாளர் நிகழ்ந்ததை மறையாது பரிசோதித்து, தம் முடிவுகளைப் பிறர்க்கும் பயன்பட வெளியிட்டமை பாராட்டுக்குரியது. ஒருவரின் விசை சிறிது என்பதிலிருந்து பலரின் விசையும் சிறிதே என்ற முடிவு பெறப்படாது என்பதை அவர்கள் உலகறியச் செய்தனர்.

இனி வகுப்பறைக்குத் திரும்புவோம். எதனைப் புறக்கணிப்பது என்ற தீர்மானத்தை அங்கு வினாத்தாளே எடுத்துவிடுகின்றது. மாணவர் கட்டளைக்குப் பணிந்து கணிக்கின்றனர். நூலின் இறுதியிலுள்ள விடையுடன் ஒத்துவரின் நிறைவடைகின்றனர். இவ்வாறு நூற்றுக்கணக்கான கணக்குகளைச் செய்தவரும் எதனை ஒதுக்கலாம், எதனை ஒதுக்கலாகாது எனத் தாமே ஒருமுறையேனும் முடிவுசெய்யாது பட்டம் பெறக்கூடும். தொடக்கநிலை மாணவரிடம் யாவற்றையும் கணிக்கும்படி கேட்பது அவர்களை மலைக்கவைக்கும் என்னும் மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அத்துணை கேட்க வேண்டுவதில்லை. சில வினாக்களிலேனும் அக்கட்டளை வரியை நீக்கி, அதனை மாணவரே காரணத்துடன் எழுதுமாறு விடலாம். விடையின் கீழ், மெய்யான பெறுமானம் இதனிலும் கூடுமா குறையுமா என ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். ஊசலின் மெய்யான அலைவுகாலம் கணித்ததிலும் சற்றுக் கூடியது என எழுதும் மாணவர் பௌதிகத்தோடு பொறுப்பையும் கற்கின்றார்.

தமிழில் உராய்வைப் புறக்கணிப்பதற்கும் மனிதரைப் புறக்கணிப்பதற்கும் சொல் ஒன்றே. பட்டம் பெற்று வெளியேறுவோர் நாளை நீர்ப்பாசனத் திட்டமோ, போக்குவரத்துப் பாதையோ, வரவுசெலவுத் திட்டமோ வகுக்கும்போது அங்கும் சராசரிகள் கொள்ளப்படும். சிறுதொகையினர் கணக்கிலிருந்து நீக்கப்படுவர். நீக்காமல் எத்திட்டமும் வகுக்க முடியாது என்பதும் உண்மையே. ஆனால் உராய்வு அளவுகோலில் தானாகவே வந்து தன்னை அறிவிக்கும். கணக்கிலிருந்து நீக்கப்பட்ட மனிதரோ, எவரேனும் தேடிச் சென்று அளந்தாலன்றித் தெரியவாரார். அவ்வாறு தேடிச் செல்லும் கடப்பாடு நீக்கியவரையே சார்ந்தது. அக்கடப்பாட்டை உணர்த்தும் முதற் பயிற்சியாக ஓர் ஊசற்கணக்கு அமையுமாயின், இல்லாத உலகைக் காட்டித் தொடங்கும் அக்கல்வியைப் பொய்யென்று பழிப்பதற்கு இடமிராது.