அட்டைப் பெட்டியில் வரும் கேக்

டிசம்பர் 20-ம் தேதி தாண்டிவிட்டால் போதும், தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட பேக்கரி வாசலுக்கு ஒரு மேஜை வந்துவிடும். செஞ்சியும் இதற்கு விலக்கு இல்லை. பின்னால் ராஜகிரிக் கோட்டை 800 அடி உயரத்தில் நின்று வேடிக்கை பார்க்க, முன்னால் கண்ணாடித் தாள் சுற்றிய பிளம் கேக்குகள் அடுக்கியிருக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அட்டைப் பெட்டிகள். மேலே ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா படம்.

வாங்குகிறவர்களைப் பாருங்கள். நெற்றியில் விபூதி வைத்தவர் வாங்குகிறார். தொப்பி போட்டவர் வாங்குகிறார். நடுராத்திரிப் பூசைக்குக் கிளம்ப வேண்டிய அவசரத்தில் இருப்பவரும் வாங்குகிறார். “பாத்தீங்களா சார், இதுதான் நம்ம ஊரு!” என்று நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம். தப்பில்லை. ஆனால், அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிடுவோம்.

முதல் வேடிக்கை, பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்றுதான் பெயர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சிவப்பும் பச்சையுமாக நடுவில் மின்னுகிறதே டூட்டி ஃப்ரூட்டி, அது நம் கொல்லைப்புறப் பப்பாளிக்காய்தான். துண்டு போட்டு, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, கலர் சேர்த்தால் வேஷம் மாறிவிடுகிறது. அந்தப் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பட்டை இலங்கைக்காரர். கிராம்பு இந்தோனேஷியத் தீவுக்காரர். கேக்கின் கறுப்பு நிறம், சர்க்கரையைக் கருக்கி எடுத்தது.

பெத்லகேமில் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தைக்கும் இந்தக் கேக்குக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இது இங்கிலாந்துக் குளிர்காலத்துச் சமாசாரம். கஞ்சி மாதிரி காய்ச்சிக் குடித்த பண்டம் மெள்ள மெள்ளக் கெட்டியாகி, கேக் ஆனது. அந்த இங்கிலாந்திலேயே 1647-ல் ‘கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது’ என்று பார்லிமென்ட் தடை போட்டது. போட்டவர்களும் தீவிரக் கிறிஸ்தவர்கள்தான். பிறகு தடை போனது. இன்று நாம் அறிந்த கிறிஸ்துமஸ் கேக், விக்டோரியா ராணி காலத்தில்தான் நிலைபெற்றது.

நம் நாட்டில் அது நுழைந்த கதை இன்னும் ருசியானது. தலச்சேரியில் பேக்கரி நடத்திய மாம்பள்ளி பாபுவிடம், 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொடுத்து, “இதே மாதிரி செய்ய முடியுமா?” என்று கேட்டாராம். பாபு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்து காட்டினார் என்று அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். கல்கத்தா நியூ மார்க்கெட்டில் ‘நாகூம்ஸ்’ என்ற கடை இருக்கிறது. 1902-ல் ஒரு யூதக் குடும்பம் தொடங்கியது. அங்கே கேக் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். டிசம்பரில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். பண்டிகை கிறிஸ்தவர்களுடையது!

ஆக, கிறிஸ்துமஸ் கேக் யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லாருக்கும் சொந்தம். இங்கேயே கட்டுரையை முடித்துவிட்டால் எனக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம். ஆனால், பெட்டியின் அடியில் இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது.

செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு டீச்சர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலித் கிறிஸ்தவக் குடும்பம். படித்து, வேலைக்கு வந்து, டவுனில் வீடு கட்டிக் குடிவந்தவர். வீட்டு வாசலில் ஸ்டார் தொங்குகிறது, உள்ளே குடில் வைத்தாயிற்று. இரண்டு நாளாக அடுப்படியில் வேலை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லப் பாகு பதம் பார்த்து, மாவு கிளறி, அதிரசம் சுட்டிருக்கிறார். பக்கத்தில் முறுக்கு. 25-ம் தேதி காலையில் தெருவில் நாலு வீட்டுக்குப் பண்டிகைப் பலகாரம் கொடுக்க வேண்டும். டீச்சர் எதை எடுத்துக்கொண்டு போவார்?

அதிரசத்தை அல்ல. பேக்கரியில் வாங்கிய கேக்கை.

“எதுக்கு டீச்சர் இதெல்லாம்?” என்று எதிர்வீட்டம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார். குழந்தைகள் பிரித்துத் தின்கிறார்கள். எல்லாருக்கும் ஹேப்பி கிறிஸ்துமஸ். டீச்சர் வீட்டு அதிரசம், டீச்சரின் சொந்தக்காரர்கள் வரும்வரை தூக்குவாளியில் காத்திருக்கிறது.

ஏன்? அதிரசம் சுட்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாவை உருட்டி, வாழையிலையில் வைத்து, கையால் தட்டி எண்ணெயில் போட வேண்டும். அதிரசத்தில் சுட்டவரின் கை இருக்கிறது. யார் கை என்று தெரியும். கேக் அப்படி இல்லை. நம் வீட்டு அடுப்பு அடியிலிருந்து மட்டும் சூடு கொடுக்கும். கேக்குக்கு நாலு பக்கமும் சூடு வேண்டும். அதனால் நம் ஊரில் அது பெரும்பாலும் பேக்கரிச் சமாசாரமாகவே இருந்துவிட்டது. மாவு பிசைந்தது யார், ட்ரேயைத் தூக்கி உள்ளே வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. கேக் கையில்லாமல் பிறந்த பண்டம்.

நம் தாத்தா காலத்துப் பழக்கம் ஒன்று ஞாபகம் வருகிறது. ‘தாழ்ந்தவர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டில் விசேஷம் என்றால், ‘உயர்ந்தவர்’ வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு போகாது. பச்சரிசி, வெல்லம், வாழைக்காய், தேங்காய் என்று சமைக்காத சாமான்களாகப் போகும். வாங்கிக்கொண்டு, தங்கள் அடுப்பில் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். மரியாதையும் ஆயிற்று, தீட்டும் படவில்லை. பேக்கரி கேக் என்பது அந்தப் படி அரிசியின் இன்றைய வடிவமோ என்று எனக்குச் சந்தேகம். அட்டைப் பெட்டிக்குள் இருப்பதால் அது ‘சமைக்காதது’ ஆகிவிடுகிறது.

நம் ஊர்களில் ‘ஐயங்கார் பேக்கரி’ என்று எத்தனை போர்டுகள், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே மாவு பிசையும் பையன் எந்த ஊர், எந்த ஜாதி என்று யாருக்கும் தெரியாது. கவலையும் இல்லை. போர்டில் இருக்கும் ஜாதி, உள்ளே இருக்கும் கையை மறைத்துவிடுகிறது.

“இப்பல்லாம் யாரு சார் அதையெல்லாம் பாக்கறாங்க?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சிலர் தகராறு செய்து, போலீஸில் வழக்குப் பதிவாகும் வரை போனது. குழந்தைகள் கேட்கவில்லை. பெரியவர்கள்தான் கேட்டார்கள், ‘யார் கை?’ என்று.

இது புதுக் கேள்வி அல்ல. 1920-களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே குலுக்கியது. தேசபக்தி, தமிழ்ப்பற்று, தியாகம் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தும் பந்தியில் வந்து முட்டிக்கொண்டது.

இந்துக்கள் வீட்டு வியாதி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1840-களில் மதுரையில் அமெரிக்க மிஷனரிகள், தங்கள் உபதேசியார்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னபோது, வேலையே போனாலும் பரவாயில்லை என்று மறுத்தவர்கள் உண்டு. ஞானஸ்நானம் வாங்கியாயிற்று. பைபிள் படித்தாயிற்று. தட்டு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே மாதாவைக் கும்பிடும் இரண்டு ஜாதியாருக்கு இடையே தகராறு முற்றி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின.

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். 1677-ல் மராட்டியர் பிடித்தார்கள். 1690-ல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். மூன்று மலையை வளைத்துக் கட்டிய மதிலே இத்தனை முறை கைமாறியிருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் அதைச் சேர்த்த பிறகு, வெளிநாட்டுக்காரரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போய் வருகிறார். கோட்டை வாசல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அடுப்படி வாசல்தான் திறக்க நாளாகிறது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். அந்த டீச்சர் கொடுத்த கேக் நல்லதா, கெட்டதா?

நல்லது என்று வாதாட நிறைய இருக்கிறது. முன்பு அந்த வீட்டிலிருந்து எதுவுமே வராது. இன்று கேக் வருகிறது. எதிர்வீட்டுக் குழந்தைகளுக்கு ‘டீச்சர் வீட்டுக் கேக்’ என்ற ருசி நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. நாளைக்கு அந்தக் குழந்தை அதிரசத்தையும் கேட்காமலே எடுத்துத் தின்னும். மனசு மாறட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் நூறு வருஷம் ஆகும். முதலில் சாப்பிடட்டும், மனசு பின்னால் வரும். உலகத்தில் பல நல்ல பழக்கங்கள் பாசாங்காகத் தொடங்கியவைதான். எல்லாரும் ஒரே நாளில் உத்தமர்களாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கேக்கும் போய்விடும்.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானது அல்ல. இந்த ஏற்பாட்டில் விலை கொடுப்பது யார்? டீச்சர்தான். கடையில் காசு கொடுப்பதும் அவர். ‘என் கையால் சுட்டதைக் கொடுத்தால் என்ன ஆகுமோ’ என்று முன்கூட்டியே யோசித்து, எதிர்வீட்டாருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வதும் அவர். அவமானப்படுத்தக்கூடியவருக்கு அவமானப்படுத்தும் சிரமத்தைக்கூட வைக்காமல், அவமானப்படக்கூடியவரே வழி விட்டு ஒதுங்குகிறார். அதற்கு நாம் ‘நல்லிணக்கம்’ என்று பேர் வைத்துவிடுகிறோம். தெருவில் சண்டை இல்லை என்பதால் நியாயம் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

எதிர்வீட்டம்மா ஒருவேளை அதிரசத்தையும் ஆசையாக வாங்கிச் சாப்பிடக்கூடிய நல்ல மனுஷியாகவே இருக்கலாம். அதுதான் இதில் இருக்கும் பெரிய சோகம். அவருக்கு அந்தச் சந்தர்ப்பமே வரவில்லை. டீச்சரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் ஒரு அட்டைப் பெட்டி உட்கார்ந்துகொண்டது.

அம்பேத்கர் 1936-ல் எழுதிய ‘ஜாதியை அழித்தொழிக்கும் வழி’யில், கூடி உண்பதால் மட்டும் ஜாதி செத்துவிடாது, கலந்து மணப்பதுதான் உண்மையான மருந்து என்று சொல்லிவிட்டார். கூடி உண்பதே போதாது என்றால், நாம் பெருமைப்படும் கேக் எந்தக் கணக்கில் சேரும்? அது பந்தியில் உட்காருவதுகூட இல்லை. பந்தி நடக்கும் மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்ட மாதிரி.

ஆனாலும் பந்தலைப் பிரித்துப் போடச் சொல்ல எனக்கு மனசில்லை. பந்தல் வரை வந்தவர் உள்ளே வர நாலு எட்டுதான். அந்த எட்டை யார் எடுத்துவைக்க வேண்டும் என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். கொடுப்பவர் தைரியமாகக் கொடுக்க வேண்டும் என்று உபதேசம் செய்வது சுலபம். மறுக்கப்பட்டால் வலிக்கப்போவது அவருக்கு. மறுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்தான் முதலில் கை நீட்ட வேண்டும். கொடுப்பதை நாம் பெரிய தர்மமாகப் பேசி வருகிறோம். பல நேரம் வாங்கிக்கொள்வதுதான் பெரிய தர்மம். கொடுக்கிறவர் கை மேலே இருக்கும், வாங்குகிறவர் கை கீழே இருக்கும். ஜாதி காலம்காலமாக யார் கை மேலே இருக்கலாம் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை உடைக்க, கீழே கை வைத்து, ‘கொடுங்க’ என்று கேட்டால் போதும்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்துப்போனான். அவனோடு சேர்ந்து செத்தவன் மகபத்கான் என்ற முஸ்லிம் நண்பன். கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பனுக்காக ஓடி வந்தவன் என்கிறது கதைப்பாடல். உயிரைக் கொடுத்த கதையைப் பாட்டாகக் கட்டி மூன்று நூற்றாண்டாகப் பாடுகிற மக்கள் நாம். நம்மிடம் இன்று யாரும் உயிரைக் கேட்கவில்லை.

அடுத்த டிசம்பர் 25-ம் தேதி, உங்கள் வீட்டுக்கு அட்டைப் பெட்டியில் கேக் வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி சொல்லுங்கள். அப்புறம், உள்ளே போய்விடாமல் வாசலிலேயே நின்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

“ஏன் டீச்சர், வீட்ல அதிரசம் சுடலையா? எங்களுக்கு நாலு எடுத்துட்டு வரக் கூடாதா?”